ஒரே ரிப்போவுக்கு இரண்டு ரிவியூ கருவிகள்: இணைப்பது என்றால் என்ன?

“ரெண்டுமே கிட் தானே? ஒரே ரிப்போவில் மாட்டிவிட்டால் தானாக ஒத்துப்போய்விடும்.”

ஒரு குழு கெரிட் என்ற கருவியில் ரிவியூ பார்க்கிறது (ஒருவர் எழுதிய நிரலைச் சேர்ப்பதற்கு முன் மற்றவர் படித்துப் பார்ப்பதுதான் ரிவியூ), இன்னொரு குழுவுக்கு கிட்ஹப் என்ற தளம் பழகிவிட்டது, இரண்டையும் சேர்த்துவிடலாமா என்று பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். பல வருட அனுபவம் உள்ளவர்களே சொல்கிறார்கள். இதை நம்பி வேலையை ஆரம்பித்தவர்கள் சில மாதம் கழித்து, காணாமல் போன கமிட்டை (பதிவு செய்த மாற்றத்தை) தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். அதனால் முதலிலிருந்து, பொறுமையாக எழுதுகிறேன். நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட்டை ஓரளவு தொட்டுப் பார்த்திருந்தால் போதும், மற்றதெல்லாம் போகப்போகப் புரியும்.

கல்யாணப் பத்திரிகை புரூஃப்

கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருக்கிறோம் என்று வையுங்கள். அச்சகத்துக்காரர் கம்ப்யூட்டரில் டைப் செய்து, புரூஃப் எடுத்து, இரண்டு பிரதி கொடுக்கிறார். ஒன்று பெண்ணின் தாய்மாமாவுக்கு, இன்னொன்று மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு. தாய்மாமா சிவப்பு மையில் தாத்தாவின் இனிஷியலைத் திருத்துகிறார். சித்தப்பா தன் பிரதியில் மண்டபத்தின் முகவரியை அடித்துவிட்டு வேறு எழுதுகிறார், பையன் பெயருக்குப் பின்னால் பட்டத்தைச் சேர்க்கிறார்.

இப்போது மூன்று இடங்களில் மூன்று விஷயம் இருக்கிறது. அச்சகத்தின் கம்ப்யூட்டரில் உள்ள ஃபைலில் எந்தத் திருத்தமும் ஏறவில்லை. தாய்மாமாவின் தாளில் இருப்பது சித்தப்பாவுக்குத் தெரியாது, சித்தப்பா எழுதியதும் தாய்மாமாவுக்குத் தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருப்பது அந்த ஃபைல் ஒன்றுதான், ஆனால் அவர்கள் பேசியது எதுவும் அந்த ஃபைலில் இல்லை.

சிக்கல் மூன்று கேள்விகளில் வந்து நிற்கிறது. இரண்டாம் புரூஃப், மூன்றாம் புரூஃப் என்று தாள் மாறிக்கொண்டே வரும்போது, எல்லாம் ஒரே பத்திரிகையைப் பற்றியதுதான் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? ஒருவர் சொன்னது மற்றவருக்கு எப்படிப் போய்ச் சேரும்? “சரி, அடிச்சிடுங்க” என்று கடைசியாகச் சொல்வது யார்? இரண்டு ரிவியூ கருவிகளை இணைக்கும்போது வரும் கேள்விகளும் இவையேதான்.

ரிப்போவில் என்ன இருக்கிறது, என்ன இல்லை

ரிப்போ என்பது நிரலும் அதன் வரலாறும் சேர்ந்த கிடங்கு. அந்த வரலாற்றின் ஒவ்வொரு படியும் ஒரு கமிட். பிராஞ்ச் என்பது ஏதாவது ஒரு கமிட்டைச் சுட்டிக் காட்டும் பெயர், அவ்வளவுதான். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய கிட்டின் அடிப்படை இந்த மூன்றும்தான். ரிவியூ அதில் இல்லை. அது கிட்டின் வேலையாகவே இருந்ததில்லை.

கிட்ஹப்பில் நீங்கள் ஒரு வரிக்குக் கீழே “இந்த லூப் காலியான பட்டியலில் உடையும்” என்று எழுதினால், அந்தக் கருத்து கிட்ஹப்பின் சொந்த டேட்டாபேஸுக்குப் போகிறது. ரிப்போவை அப்படியே நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனாலும் அந்தக் கருத்து கூட வராது. கெரிட்டின் கதை சற்று வேறு. முன்பு அதுவும் தனி டேட்டாபேஸ் வைத்திருந்தது. 2019-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து, கருத்துகளையும் ஓட்டுகளையும் கிட்டுக்குள்ளேயே, தனிப் பெயர்களின் கீழ் எழுதி வைக்கிறது. “ஆஹா, அப்படியானால் ரிப்போவில் இருக்கிறதே” என்று சொல்லத் தோன்றும். இருக்கிறது. ஆனால் சாதாரணமாகக் குளோன் செய்தால், அதாவது ரிப்போவை நகல் எடுத்தால், அது வராது, வந்தாலும் அதைப் படிக்க கெரிட்டுக்குத்தான் தெரியும். தாய்மாமா தன் திருத்தத்தைச் சுருக்கெழுத்தில் எழுதி அச்சக ஃபைலின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வைத்ததைப் போல.

ஆக, இரண்டு கருவிகளையும் ஒரே ரிப்போவில் மாட்டினால் பொதுவாவது கமிட்டும் பிராஞ்சும் மட்டும். கருத்து, ஒப்புதல், “இது முடிந்தது” என்ற நிலை எல்லாம் தனித்தனியாகத்தான் இருக்கும். அவற்றை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கொண்டுபோவதுதான் இணைப்பு வேலை.

கைரேகை மாறும், ஆர்டர் நம்பர் மாறாது

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கமிட்டுக்கும் ஒரு ஹேஷ் உண்டு. உள்ளே இருப்பதை எல்லாம் கணக்கிட்டு வரும் 40 எழுத்து அடையாளம் அது. எழுதியவர் பெயர், நேரம், செய்தி, முந்தைய கமிட் எது என்பது எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். அதனால் செய்தியில் ஒரு புள்ளி மாறினாலும் ஹேஷ் மொத்தமாக மாறிவிடும். கைரேகை என்று சொல்லலாம், ஆனால் ஆளுக்கு உரிய கைரேகை இல்லை. அந்தத் தாளுக்கு மட்டும் உரியது.

ரிவியூ என்றாலே திருத்துவது. திருத்தினால் புதிய கமிட், புதிய ஹேஷ். “இந்த ஹேஷை வைத்து இரண்டு கருவியிலும் பொருத்திவிடலாம்” என்று யாராவது திட்டம் போட்டால், முதல் திருத்தத்திலேயே அது உடையும்.

அச்சகத்தில் இதற்கு ஆர்டர் நம்பர் இருக்கிறது. எத்தனை புரூஃப் வந்தாலும் மூலையில் அதே எண்தான். கெரிட்டும் அதே வழியைப் பிடித்திருக்கிறது. கமிட் செய்தியின் கடைசியில் “சேஞ்ச்-ஐடி” என்று ஒரு வரி, அதில் ஆங்கில ஐ எழுத்தில் தொடங்கும் ஓர் எண். உங்கள் கணினியில் போட்டு வைக்கும் ஒரு குட்டி ஸ்கிரிப்ட் முதல் கமிட்டின்போது அதை எழுதிவிடும். பிறகு நீங்கள் அந்தக் கமிட்டை எத்தனை முறை திருத்தி அனுப்பினாலும், அந்த வரி அப்படியே இருக்கும்வரை கெரிட் அதை ஒரே மாற்றத்தின் அடுத்த புரூஃபாக எடுத்துக்கொள்ளும். அந்த ஒவ்வொரு புரூஃபுக்கும் கெரிட்டில் பேட்ச்செட் என்று பெயர்.

கிட்ஹப்பின் வழி வேறு. அங்கே நீங்கள் ஒரு பிராஞ்சைக் காட்டி “இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று விண்ணப்பிக்கிறீர்கள். அதுதான் புல் ரிக்வெஸ்ட். அடையாளம் அந்த விண்ணப்பத்தின் எண். பிராஞ்சில் மூன்று கமிட் இருந்தாலும் முப்பது இருந்தாலும் எல்லாம் சேர்ந்து ஒரே ரிவியூ. கெரிட்டிலோ ஒரு கமிட்டுக்கு ஒரு ரிவியூ.

இந்த இடத்தை அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். எனக்குத் தெரிந்து இணைப்பில் பெரும்பாலான குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. கிட்ஹப்காரர் “சரி செய்தேன்”, “இன்னொரு சின்னத் திருத்தம்” என்று கமிட்டுகளை அடுக்கிக்கொண்டே போவார். அதைத்தான் அந்தக் கருவி அவருக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது. அதை அப்படியே கெரிட்டுக்குத் தள்ளினால் “இன்னொரு சின்னத் திருத்தம்” என்பது தனி ரிவியூவாக வந்து நிற்கும். பார்ப்பவருக்குத் தலையும் புரியாது, காலும் புரியாது. ஆகவே நடுவில் இருக்கும் நிரல் ஒரு முடிவெடுக்க வேண்டும்: எல்லாக் கமிட்டையும் ஒன்றாகப் பிசைந்து ஒரே மாற்றமாக அனுப்புவதா, ஒவ்வொன்றையும் தனியாக அனுப்புவதா? முதலாவதுதான் பெரும்பாலும் நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஹேஷை நம்பிப் பொருத்த முடியாது. ஒரு பக்கத்து எண்ணையும் மறுபக்கத்து எண்ணையும் சேர்த்துக் கட்டும் ஒரு வரி எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

“அடிச்சிடுங்க” என்று சொல்வது யார்?

ஒரு மாற்றத்தை முதன்மை பிராஞ்சில் சேர்ப்பதற்கு மெர்ஜ் என்று பெயர். இரண்டு கருவியிலும் அதற்குப் பொத்தான் இருக்கிறது. இரண்டு பொத்தானும் வேலை செய்தால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் கெரிட்தான் மூலம். கிட்ஹப்பில் இருந்தது மிரர், அதாவது மூலத்திலிருந்து தானாகப் புதுப்பிக்கப்படும் நகல். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வாடிக்கையாளர் காத்திருக்கிறார் என்று ஒரு நண்பர் கிட்ஹப் பக்கத்திலேயே பச்சைப் பொத்தானை அழுத்தி மெர்ஜ் செய்துவிட்டார். சோதனை தேறியது, பில்டும், அதாவது ஓடத் தயாரான பதிப்பும், போய்விட்டது, எல்லோரும் நிம்மதியாகக் கிளம்பினோம். அன்று இரவே வேறொருவர் கெரிட்டில் தன் மாற்றத்தைச் சேர்த்தார். கெரிட் வழக்கம்போல் தன்னிடம் இருந்த பிராஞ்சை மிரருக்குத் தள்ளியது. திங்கட்கிழமை அடுத்த பில்ட் போனதும் சரிசெய்த பிழை மறுபடி வந்து நின்றது. கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் “மெர்ஜ் ஆனது” என்று ஊதா நிறத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறது, ஆனால் பிராஞ்சில் அந்தக் கமிட்டே இல்லை.

காரணம் கெரிட்டின் நகல் அமைப்பு ஃபைலில் ஒரே ஒரு கூட்டல் குறி. எந்தப் பிராஞ்சை எங்கே தள்ளுவது என்று எழுதும் வரியின் முன்னால் கூட்டல் குறி இருந்தால், “அங்கே என்ன இருந்தாலும் சரி, என்னிடம் இருப்பதை வைத்து மேலெழுது” என்று பொருள். பலர் எங்கிருந்தோ எடுத்து ஒட்டும் மாதிரி வரியிலேயே அந்தக் குறி இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. எங்கள் கமிட் நண்பரின் கணினியில் பத்திரமாக இருந்ததால் மீட்டுவிட்டோம். ஆனால் ஒரு முழு நாள் யார் அழித்தது என்று ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்த அந்தத் திங்கட்கிழமையை மறக்க முடியவில்லை.

அந்தக் கூட்டல் குறியை எடுத்துவிட்டால், மிரரில் உள்ள பிராஞ்ச் நம்முடையதற்கு நேர் பின்னால் இருந்தால் மட்டுமே தள்ள முடியும். அப்படி நேராக முன்னால் நகர்வதைத்தான் ஃபாஸ்ட் ஃபார்வர்டு என்கிறோம். அங்கே யாராவது தனியாக எதையாவது சேர்த்திருந்தால் தள்ளல் தோற்று நிற்கும், பிழைச் செய்தி வரும். சத்தமில்லாமல் அழிவதைவிட அலறிக்கொண்டு நிற்பது எவ்வளவோ மேல்.

அதோடு கிட்ஹப்பில் பிராஞ்ச் பாதுகாப்பு விதியைப் போட்டு, முதன்மை பிராஞ்சில் எழுதும் உரிமையை நகலெடுக்கும் கணக்குக்கு மட்டும் கொடுத்துவிட வேண்டும். “அவசரத்துக்கு நிர்வாகிக்கு மட்டும் விட்டு வைப்போம்” என்பார்கள். வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அவசரமான வெள்ளிக்கிழமைகளில்தான் அந்த வழி திறக்கும்.

கோ மொழித் திட்டம் இதை எப்படிச் செய்கிறது

பொதுவில் எல்லோரும் பார்க்கக்கூடிய நல்ல உதாரணம், கூகுளில் பிறந்த கோ நிரல்மொழி. 2014-இன் இறுதியில் அந்தத் திட்டம், கிட் போன்ற இன்னொரு கருவியான மெர்க்கூரியலிலிருந்து கிட்டுக்கு மாறியது. ரிவியூவை ரீட்வெல்டிலிருந்து கெரிட்டுக்கு மாற்றிக்கொண்டது. (ரீட்வெல்ட், பைதான் மொழியை உருவாக்கிய கீடோ வான் ரோசம் எழுதிய கருவி. கெரிட் அதிலிருந்து கிளைத்தது. கெரிட் ரீட்வெல்ட் என்ற டச்சுக் கட்டடக் கலைஞரின் பெயரைத்தான் இரண்டு கருவிகளும் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன.) மூல ரிப்போ கூகுளின் கிட் சர்வரில் இருக்கிறது, கிட்ஹப்பில் இருப்பது மிரர். ஆனால் உலகத்தில் பாதிப்பேர் கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் போட்டுத்தான் பழகியிருக்கிறார்கள். அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்ப மனமில்லாமல், கெரிட்பாட் என்று ஒரு பாட் வைத்திருக்கிறார்கள். பாட் என்றால் ஆள் இல்லாமல் ஓடும் நிரல், அதற்கென்று தனிக் கணக்கும் இருக்கும்.

கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் வந்ததும் கெரிட்பாட் அதிலுள்ள கமிட்டுகளை ஒன்றாக்கி, கெரிட்டில் ஒரு மாற்றமாகத் திறக்கிறது. புல் ரிக்வெஸ்டின் தலைப்பு கமிட் செய்தியின் முதல் வரியாகிறது, விளக்கம் உடலாகிறது. செய்தியின் அடியில் இரண்டு வரிகளைச் சேர்க்கிறது: எந்தப் புல் ரிக்வெஸ்டிலிருந்து வந்தது, அங்கே கடைசியாகப் பார்த்த ஹேஷ் எது. முன்னால் சொன்ன சேர்த்துக் கட்டும் வரி இதுதான். நீங்கள் கிட்ஹப்பில் மறுபடி புஷ் செய்தால், அதாவது புதிய கமிட்டை அனுப்பினால், அது கெரிட்டில் அதே மாற்றத்தின் அடுத்த பேட்ச்செட் ஆகிறது.

கெரிட்டில் ரிவியூ பார்ப்பவர் எழுதும் செய்தியைப் பாட் கிட்ஹப்பில் வந்து அறிவிக்கிறது. கூடவே “இங்கே பதில் எழுத வேண்டாம், கெரிட்டுக்கு வாருங்கள்” என்று முகவரியும் கொடுக்கிறது. கருத்துப் பயணம் ஒருவழிப் பாதை. முதலில் பார்க்கும்போது இது அரைகுறை வேலையாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் கருத்து என்பது இத்தனையாவது பேட்ச்செட்டில், இந்த ஃபைலில், இத்தனையாவது வரியில் என்று ஒட்டியிருப்பது. மறுபக்கத்தில் கமிட்டுகள் வேறு, வரிகள் வேறு. இருவழியாக்கினால் கருத்து தவறான வரியில் போய் ஒட்டும், விவாதம் இரண்டாகப் பிளக்கும். பேச்சு ஒரே இடத்தில்தான் நடக்க வேண்டும் என்று அவர்கள் எடுத்த முடிவு சரியானது.

கடைசியில் கெரிட்டில் சேர்ந்ததும் மிரர் புதுப்பிக்கப்படுகிறது, பாட் புல் ரிக்வெஸ்டை மூடுகிறது. இங்கே புதியவர்களுக்கு ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. அது “மெர்ஜ் ஆனது” என்று ஊதாவில் வராது, “மூடப்பட்டது” என்று சிவப்பில்தான் வரும். பிராஞ்சில் ஏறிய கமிட்டின் ஹேஷ் உங்கள் கமிட்டின் ஹேஷ் இல்லையே, கிட்ஹப்புக்கு எப்படித் தெரியும்? நிராகரித்துவிட்டார்கள் என்று நினைத்து வாடிப்போகிறவர்கள் உண்டு. பாட் எழுதிய கடைசிக் குறிப்பைப் படித்தால், மாற்றம் சேர்ந்துவிட்டது என்று அதில் இருக்கும். எழுதியவர் பெயரும் கமிட்டில் உங்களுடையதாகவே இருக்கும்.

கிட் திட்டமே இதே பாணியில்தான் நடக்கிறது. அங்கே ரிவியூ மின்னஞ்சல் பட்டியலில். கிட்கிட்கேட்ஜெட் என்ற பாட், கிட்ஹப்பில் போட்ட புல் ரிக்வெஸ்டை மின்னஞ்சல் பேட்ச்சாக (மாறிய வரிகளின் தொகுப்பாக) மாற்றி அனுப்புகிறது, பட்டியலில் வரும் பதில்களை புல் ரிக்வெஸ்டில் வந்து ஒட்டுகிறது. இங்கும் மெர்ஜ் செய்யும் கை ஒன்றுதான்.

ஒப்புதலை அப்படியே மாற்றிவிட முடியாது

கெரிட்டில் நிரல் ரிவியூவுக்கு மைனஸ் இரண்டிலிருந்து பிளஸ் இரண்டு வரை ஓட்டு உண்டு. பிளஸ் ஒன்று என்றால் “எனக்குச் சரியாகப் படுகிறது, வேறொருவர் ஒப்புதல் தரட்டும்”. பிளஸ் இரண்டுதான் ஒப்புதல். மைனஸ் இரண்டு போட்டால் யார் என்ன சொன்னாலும் அந்த மாற்றம் நகராது. இரண்டு பேர் பிளஸ் ஒன்று போட்டால் கூட்டிப் பிளஸ் இரண்டு ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் ஏராளம். ஆகாது. அவை எண் வேடம் போட்ட சொற்கள், கூட்டல் கணக்கு அங்கே கிடையாது.

கிட்ஹப்பில் ஒப்புதலுக்கு “அப்ரூவ்” என்ற ஒரே படிதான் உண்டு. பொது ரிப்போவில் வழிப்போக்கர்கூட அதை அழுத்தலாம். ஆனால் ரிப்போவில் எழுதும் உரிமை உள்ளவர் அழுத்தினால்தான் கட்டாய ரிவியூ கணக்கில் சேரும். இதைப் பிளஸ் இரண்டாக மொழிபெயர்த்து பாட்டின் பெயரில் போட்டால், ஒப்புதல் தர உரிமை இல்லாதவருக்கு நீங்களே பின்வாசல் வழியாக உரிமை கொடுத்ததாகிவிடும். என்னைக் கேட்டால், அப்ரூவைத் தகவலாக மட்டும் காட்டுங்கள், கெரிட்டில் ஓட்டாக மாற்ற வேண்டாம். கட்டாயம் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பிளஸ் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாட்டை நீங்களே எழுதினால் இன்னொரு விஷயம். ஒரு பக்கத்தில் ஏதாவது நடந்ததும் கருவி நம் நிரலுக்குத் தகவல் அனுப்பும், அதற்கு வெப்ஹூக் என்று பெயர். கெரிட் கருத்தை பாட் கிட்ஹப்பில் எழுதுகிறது. புதிய கருத்து வந்ததாக கிட்ஹப் வெப்ஹூக் அனுப்புகிறது. பாட் அதை எடுத்துக் கெரிட்டில் எழுதுகிறது. எதிரொலி தொடங்கிவிட்டது, விடிவதற்குள் ஆயிரக்கணக்கில் கருத்து குவிந்திருக்கும். பாட்டின் சொந்தக் கணக்கிலிருந்து வந்ததைப் பாட் தொடக்கூடாது என்று முதல் நாளே ஒரு வரி எழுதி வையுங்கள்.

ஒரு காற்புள்ளியை அனுப்பிப் பாருங்கள்

எல்லாம் தயார் என்று யாராவது சொன்னால், நான் முதலில் செய்வது இதைத்தான். ரிப்போவின் அறிமுகக் குறிப்பான ரீட்மீ ஃபைலில் ஒரு காற்புள்ளியை மாற்றி, கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் போடுவேன். கெரிட்டில் ஒரே ஒரு மாற்றம் திறக்கிறதா என்று பார்ப்பேன். வேண்டுமென்றே இன்னொரு கமிட் சேர்த்துத் தள்ளி, இரண்டாவது பேட்ச்செட் வருகிறதா, இல்லை இரண்டாவது ரிவியூ முளைக்கிறதா என்று பார்ப்பேன். இரண்டு பக்கமும் ஒரு கருத்து எழுதி, எது எங்கே போகிறது என்று கவனிப்பேன். அப்புறம் கிட்ஹப்பின் மெர்ஜ் பொத்தானை அழுத்த முயல்வேன். அது என்னை மறுக்க வேண்டும், மறுக்காவிட்டால் அங்கேயே வேலையை நிறுத்திவிட்டு விதியைச் சரிசெய்வேன்.

கடைசியாகக் கெரிட்டில் சேர்த்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வருவேன். திரும்பி வந்து, முதன்மை பிராஞ்ச் எந்தக் கமிட்டைச் சுட்டுகிறது என்று இரண்டு முகவரிகளிலும் கேட்பேன். “கிட் எல்எஸ்-ரிமோட்” என்ற கட்டளை குளோன் செய்யாமலே அதைச் சொல்லிவிடும். திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு ஹேஷ் வந்து நிற்கும். நாற்பது எழுத்தையும் முதலிலிருந்து கடைசிவரை விரல் வைத்துப் பார்ப்பேன்.